ஐயந்திரிபற ஒரு மன்னிப்பு

மன்னிப்புக் கடிதத்தை மறுபடியும் திருப்பிக் கொடுத்தார் பதிவாளர்.

"'பேசியதற்கு வருந்துகிறேன்'னு எழுதியிருக்கே. என்ன பேசினே? அது எங்க இதுல?"

கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள். அந்தத் திறமைதான் இப்போது அவளையும் அம்மாவையும் இந்த அறையில் கைகட்டி நிற்க வைத்திருந்தது.

மேடையில் எதைப் பேசினாலும் முன்னனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. ஆண்டு விழாவுக்கு அவள் அனுமதி வாங்கியது குயிலுக்கும் ரயிலுக்கும் குக்கர் விசிலுக்கும் மட்டும். அவை முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள், அனுமதி வாங்காத குரல் ஒன்றும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. துணைவேந்தருடைய குரல்.

விடுதிக் குழாய்களில் மாதக்கணக்காகத் தண்ணீர் இல்லை. பல்கலைக்கழக முகப்பிலோ வண்ண விளக்குகளோடு புத்தம்புது நீரூற்று. அதைப் பற்றித்தான் அந்தக் குரல் நாலு வரி பேசியது. அரங்கமே சிரித்தது. முன் வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே இடைநீக்கம். மன்னிப்புக் கேட்டால் இறுதித் தேர்வு எழுதலாம். கேட்காவிட்டால் படித்த படிப்பெல்லாம் அம்போ.

உள்ளதைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்று ஒரு வாரம் முரண்டு பிடித்தாள். தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு வந்த அம்மாதான் அவளைக் கரைத்தாள். "நீ சொன்னது சரிதான்டி. முதல்ல பரீட்சையை எழுது, அப்புறமா சரியா இரு."

இறங்கி வந்தால், இந்த மனிதர் இப்படி.

பதிவாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கமா'. விடுப்பு விண்ணப்பத்தில் ஒரு கமா விட்டுப்போனால், விடுப்பு முடிந்த பிறகுதான் அதில் அவர் கையெழுத்து விழும்.

"ஐயா, அவதான் வருந்துறேன்னு எழுதிட்டாளே. இதோட விட்டுடுங்களேன்" என்றாள் அம்மா.

அப்படியெல்லாம் விட முடியாதாம். பதினான்காம் பிரிவை மனப்பாடமாக ஒப்பித்தார். தவறு எந்த இடத்தில், எவர் முன்னிலையில் நடந்ததோ, அதே இடத்தில், அவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்காக மன்னிப்பு என்பது அனைவருக்கும் ஐயந்திரிபற விளங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் துணைவேந்தரே எட்டிப் பார்த்தார். வழக்கம்போல மூன்று தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிக்கச் சொன்னார்.

"நீங்க போட்ட விதிதான் சார்" என்றார் பதிவாளர் பணிவாக. "பொது மேடையிலதான் கேக்கணும்னு நீங்களே உங்க கையால திருத்தி எழுதினீங்க."

துணைவேந்தர் முகம் மெல்ல மலர்ந்தது. மொத்தக் கூட்டத்துக்கு முன்னால் இவள் தலைகுனிந்து நிற்கும் காட்சி அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். "அதுவும் சரிதான். மத்தவங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு தாளோடு போக வேண்டியதை மேடை வரைக்கும் இழுத்துவிட்டாரே பாவி என்று கிளி பல்லைக் கடித்தாள். பதிவாளர் அதற்குள் பேனாவை அவள் பக்கம் நகர்த்தியிருந்தார்.

"நீரூற்றுன்னு சொன்னியா, செயற்கை நீரூற்றுன்னு சொன்னியா?"

"நீரூற்று, சார்."

"அதையே எழுது. ஒரு சொல் கூடக் கூடாது, குறையக் கூடாது."

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், "ஏண்டி, அந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா?"

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் அம்மா. முன் வரிசையில் துணைவேந்தர், பக்கத்தில் பதிவாளர்.

செய்தி வாசிப்பதுபோல் உப்புச் சப்பில்லாமல் படித்துவிட்டு இறங்கிவிடுவது என்றுதான் கிளி மேடையேறினாள். "ஆண்டு விழாவில் பின்வருமாறு பேசியதற்கு..." என்று ஆரம்பித்தும்விட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். துணைவேந்தர் சாய்ந்து உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருந்தார். அன்று காலையும் வாளித் தண்ணீரை மாடி மாடியாகச் சுமந்த தோள் அவளுக்கு விண்விண் என்று வலித்தது.

தாளைத் தாழ்த்தினாள். மூன்று தடவை தொண்டையைக் கனைத்தாள்.

"கண்மணிகளே, விடுதியில தண்ணி வரலைன்னு சில பேர் சொல்றாங்க. முகப்புல நீரூற்று திறந்து வெச்சிருக்கேனே, அது யாருக்காக? நாளையிலேருந்து சோப்பும் துண்டுமா வரிசையில வாங்க. கலர் விளக்கு வெளிச்சத்துல குளிக்கிற பாக்கியம் வேற எந்தப் பல்கலைக்கழகத்துல கிடைக்கும்?"

அன்றைக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்து, தன் சொந்தக் குரலில், "இவ்வளவுக்கும் வருந்துகிறேன்" என்று முடித்தாள்.

துணைவேந்தர் எழுந்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கய்யா, இது மன்னிப்பா?" என்று பதிவாளரைப் பார்த்துக் கேட்டார்.

பரீட்சை போனது என்று கிளிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

பதிவாளர் நிதானமாக எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த நகலில் விரலை வரி வரியாக ஓட்டினார்.

"சொல்லுக்குச் சொல் சரியா இருக்கு சார். மன்னிப்புதான். ஆனா ஒரு குறை. சிரிப்புச் சத்தத்துல கடைசி வரிசைக்குப் பாதி கேட்டிருக்காது. விதிப்படி எல்லாருக்கும் விளங்கணுமே."

மேடைப் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா. அந்தக் கனைப்புலேருந்து."