மூன்றாம் வரிசை, ஏழாம் நாற்காலி

"சார், இந்தத் தகட்டுல உங்க பேரு இருக்கு," என்றார் நாற்காலிகளில் பித்தளைத் தகடு பொருத்திக்கொண்டிருந்த தச்சர்.

"நான் நன்கொடை வாங்குற ஆளுய்யா, குடுக்குற ஆளில்ல. நல்லாப் பாரு," என்றார் இசை அரங்கத்தின் செயலாளர்.

பணம் தருபவர் பெயரை நாற்காலியில் பொறிக்கும் யோசனையே அவருடையதுதான். அப்படித்தான் அந்தப் பழைய அரங்கத்தின் ஒழுகும் கூரை மாறியது. எட்டு வருடம் நாயாய் அலைந்தார். கச்சேரி நேரத்திலும் வாசலில் நின்று பெரிய மனிதர்களைப் பிடிப்பார். மகள் வயலின் வாசித்த நாட்களில்கூட உள்ளே போனதில்லை.

"ஒரு பாட்டாவது உக்காந்து கேளுங்கப்பா," என்பாள்.

"கூரை முடியட்டும்மா. அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேன்."

தச்சர் தகட்டைத் துடைத்துக் காட்டினார். அவர் பெயரேதான்.

செயலாளர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ரசீது. கொடுத்தவர் இடத்தில் மகள் பெயர். பொறிக்க வேண்டிய பெயர், அவருடையது. கீழே அவர் கையெழுத்து. கட்டுக்கட்டாக வரும் ரசீதுகளில் படிக்காமலே கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம்.

தச்சர் கடைசித் திருகாணியை முடுக்கினார்.

"உக்காந்து பாருங்க சார். மேடை தெரியுதா?"

முதல் முறையாக அங்கே உட்கார்ந்தார். நேர் எதிரே மேடை. நாளைய அஞ்சலிக் கூட்டத்துக்காக மகளின் படத்தை அங்கே வைத்து, பக்கத்தில் அவளுடைய வயலினைச் சாய்த்திருந்தார்கள்.

"நல்லாத் தெரியுதுய்யா," என்றார். "கேக்கத்தான் மாட்டேங்குது."