சிவப்பு ஒயர் போன வழி

கூரையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடு என்று அக்காவிடம் காரைக் கொடுத்தேன்.

இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் தாங்கிக்கொள்ளலாம். அக்காவைக் கட்டிய மாமாவின் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. அதே வெளிறிய நீலம். பின்கதவில் அதே கீறல். அக்காதான் செய்து தரச் சொல்லியிருந்தாள்.

உள்ளே மட்டும் பதினேழு ஒயர்கள். பழைய இயர்போனை அறுத்து எடுத்த தலைமுடி மாதிரிக் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் நிறம் பூசி, இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டியிருந்தேன். கூரையை மூடிவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் இவ்வளவு மெனக்கெடுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். சரிதான்.

நிஜக் காரில் இதில் கால்வாசி மெனக்கெட்டிருந்தால் மாமா இன்றைக்கு இருந்திருப்பார்.

கார் ஒயரிங்தான் என் பிழைப்பு. டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்று மாமா கேட்டார். பேட்டரியிலிருந்து பின்னால் போகிற சிவப்பு ஒயரைக் கதவோரமாகக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்கு எட்டு ஸ்குரூ கழற்ற வேண்டும். நம்ம வீட்டுக் கார்தானே என்ற மெத்தனம். டிரைவர் சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்குள் செருகிவிட்டேன்.

மாமா நெட்டை. ஏறினால் சீட்டைப் பின்னால் தள்ளுவார். அக்கா ஏறினால் முன்னால் இழுப்பாள். சீட்டு நகர்கிற இரும்புப் பட்டை நாலு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒயரை அறுத்து, கடைசியில் தீப்பொறி கிளப்பியிருக்கும்.

மாமாவோடு கார் எரிந்து இரண்டு வருடம். காரணம் தேட அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதிப் போலீசில் கேஸை மூடிவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அக்காவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். வாரம் தவறாமல் வந்து, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான். தெரிந்தால் என் வாசற்படி மிதிக்க மாட்டாள்.

அக்கா ஸ்டியரிங்கை விரல் நுனியால் தொட்டாள். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் கேட்காமலே, கதவோரமாக ஒழுங்காகப் போகிற சிவப்பு ஒயரைக் காட்டி, இதுதான் ஸ்பீக்கருக்குப் போனது என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

அக்கா காரை மேஜைமேல் வைத்தாள். இடுக்கியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் அப்படியே இருக்கணும்னுதானேடா கேட்டேன். அதப் பிடுங்கி சீட்டுக்கு அடியில விடு."

டிரைவர் சீட்டைப் பெயர்த்து எடுத்தேன். கண் நிறைந்துவிட்டது, ஒயர் எது, தரை எது என்று தெரியவில்லை.

அக்கா போனில் டார்ச்சைப் போட்டாள். என் தோளுக்கு மேலாகக் குனிந்து, சரியாக அந்த இடத்தில் வெளிச்சத்தை நிறுத்தினாள்.

ஒயரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

நிஜக் காரில் அந்த ஒயரைச் செருகிய அன்றைக்கும் எனக்கு டார்ச் பிடித்தது அவள்தான்.