பதினாலு ஃபிலிம் கழுத்து

"ஒட்டகச்சிவிங்கியோட கழுத்தை எக்ஸ்ரே எடுத்தவன் நான்! பதினாலு ஃபிலிமை ஒட்டவெச்சுத்தான் முழுக் கழுத்தையும் பார்க்க முடிஞ்சுது!"

குழந்தைகள் வார்டே சிரித்தது. எக்ஸ்ரேக்காரர் ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும், தலைமை நர்ஸான மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் தினமும் வந்து கதை அளந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், இவர் பேச்சைப் பாதியாக்கி, அதுலயும் பாதியை எடுத்துக்குங்க" என்றாள் மனைவி, டிபன் டப்பாவைப் பிடுங்கியபடி.

கட்டிலில் ஏழு வயது வாண்டு. கழுத்தின் இடப்பக்கம் தைராய்டு சுரப்பியில் சீழ் பிடித்து, இரண்டு முறை கீறியாயிற்று. மூன்றாவது முறை மருந்திலேயே வற்றியது. மறுபடி வராமலிருக்க, நாளை பாதிச் சுரப்பியையே எடுத்துவிடுவதாக ஏற்பாடு.

"வேணாம் டாக்டர்! மூணு தடவையும் அதே இடப்பக்கம். தொண்டைக்குள்ள பிறவியிலேயே மயிரிழை ஓட்டை இருக்கும். அது வழியாத்தான் கிருமி போகுது. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதேதான்!"

"பேரியம் குடிக்கவெச்சுப் படம் எடுத்தாச்சே, சார். ஓட்டை எதுவும் இல்லை."

"வீங்கியிருந்தப்போ எடுத்தீங்க. வீக்கமே வழியை அடைச்சிருக்கும். இப்போ எடுங்க. தெரியலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

"ஒட்டகச்சிவிங்கியும் அந்த வெள்ளைத் தண்ணியைக் குடிச்சுதா, தாத்தா?" என்றது வாண்டு.

"ஒரு அண்டா! அது விட்ட ஏப்பத்துல ஜன்னலெல்லாம் ஆடுச்சு!"

டாக்டர் சிரித்தபடி ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு படம்தானே டாக்டர்... எடுத்துத்தான் பாருங்களேன்."

சொன்னது மனைவி! எக்ஸ்ரேக்காரருக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஒரு மணி நேரத்தில் டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். தொண்டையிலிருந்து சுரப்பிவரை வெள்ளை நூல் போல ஒரு கோடு.

"இருக்கு! கத்தியே வேணாம். வாய் வழியாவே போய், ஓட்டையைச் சூடுவெச்சு அடைச்சிடலாம்!"

வாண்டின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எக்ஸ்ரேக்காரர் மீசையை முறுக்கினார்.

"சிஸ்டர், இவர் சொல்ற எதையும் நம்பாத நீங்க, இதை மட்டும் எப்படி நம்பினீங்க?" என்றார் டாக்டர்.

மனைவி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பதினாலு ஃபிலிமும் யாரையும் கேக்காம இங்கேருந்து தூக்கிட்டுப்போனது, டாக்டர். வெளியே தெரிஞ்சா வம்பு, அதான் இத்தனை வருஷமா நம்பாத மாதிரியே இருந்தேன். ஒட்டகச்சிவிங்கிக்கும் ரெண்டாவது படத்துலதான் ஓட்டை தெரிஞ்சுது... ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தானே!"