இலங்கைப் பங்கு

ஆழ்கடலில் முதலில் தூண்டிலேறும் மீன் ஆட்களின் கறிக்கு என்பது குமரிக் கரைத் தூத்தூர்ப் படகு ஒன்றின் வழக்கம். சமையற்காரர் ததேயு பழக்கதோஷத்தில் அதை வெட்டிக் குழம்பே வைத்துவிட்டார். இரு நாட்டுப் படகுகளுக்கும் பொதுவான அந்தக் கடலில் எந்த மீன் எந்த நாட்டுப் பங்கு என்று சொல்லும் கருவியிடம் காட்ட மறந்துபோனார்.

மிச்சம் கிடந்த தலையைப் பார்த்துக் கருவி பேசியது: "இலங்கைப் பங்கு. உரியவரிடம் சேர்க்கும்வரை தூண்டில் இறங்காது."

"பருப்பு தின்னே நாக்கு செத்துப்போச்சு. இதுவும் போச்சா அண்ணே?" என்றார்கள் ஆட்கள்.

ததேயு அடுப்பை நிறுத்தினார். கொதிக்கும் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து அணைந்த இலங்கையின் பருத்தித்துறைப் படகில் ஏறினார்.

"உங்க மீன், தம்பி. தெரியாம வெட்டிப்போட்டேன்."

அந்தப் படகை ஓட்டும் சற்குணம் சட்டியை வாங்கினான். "ஒப்படைப்பு முடிந்தது" என்றது கருவி. ததேயு தலை குனிந்தபடி திரும்பினார்.

"எங்க போறியள், அண்ணை?" சற்குணம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "இப்ப இது எங்கட மீன்தானே? ஆரைச் சாப்பிடக் கூப்பிடுறதெண்டு நாங்கள்தான் சொல்லோணும். உங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சோறு இஞ்ச இருக்கு."