மூன்றாவது கெண்டை

"நீ போணி பண்ணாத. வேற யாராவது வரட்டும், இரு" என்றாள் காபிக்கடை லோவான், தலையைத் தூக்காமலே.

கியெம் அதற்குள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் போணி பண்ணினால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. அவன் காபி குடித்துவிட்டுப் போனதும் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி வாசலில் ஆட்டி, அவன் ராசியை விரட்டுவாள். வியட்நாமில் எங்கள் சா டெக் படகுத்துறையில் எல்லாக் கடைகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் ஒரே ஆளுக்காக இத்தனை தாளைக் கொளுத்தியவள் இவள் ஒருத்திதான்.

கியெம் எதிர்ச்சாரியில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். ஐம்பது தாண்டிவிட்டது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. லோவானும் புருஷனை இழந்தவள். போன புத்தாண்டின்போது, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டான். கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டான், மடையன்.

"சுரண்டல் சீட்டுல உனக்கு ஒரு பரிசு விழட்டும், அன்னிக்குக் கட்டிக்கறேன்" என்றாள் அவள். கடையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் என்னிடம் ஒரு சீட்டு வாங்க ஆரம்பித்தான். லாட்டரிச் சீட்டு விற்கிறவளுக்கு இதைவிட நல்ல காதல் எங்கே கிடைக்கும்? நான் ஏன் புத்தி சொல்லப் போகிறேன்.

என் கை ராசியில்லாத கை என்று சீட்டை அவளிடமே நீட்டுவான். பக்கத்தில் இருக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, நீயே படித்துச் சொல் என்பான். காபி வடிகட்டியின் தகர மூடியால் அவள் சுரண்டுவாள். உள்ளே மூன்று படங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் பரிசு.

"எருமை, தாமரை, படகு. எழுந்து போய்ப் பொழப்பைப் பாரு" என்பாள்.

அவனும் எழுந்து போவான்.

இன்று அவன் காலடியில் ஒரு பெட்டி இருந்தது. பியென் ஹோவாவில் இருக்கும் தங்கை, தனியாகக் கிடந்தது போதும், இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டுவிட்டாள். நேற்றே கடையைப் பூட்டிவிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ்.

"நியென் அக்கா, கடைசிச் சீட்டு. நல்லதாப் பார்த்துக் குடுங்க."

"நல்லது எதுன்னு தெரிஞ்சா நான் ஏன்டா இந்த வெயில்ல அலையறேன்" என்றேன். ஆனாலும் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்ல கிராக்கி போகிற வருத்தமாக இருக்கும்.

லோவான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டை வாங்கினாள்.

"மெதுவா சுரண்டுக்கா. பாவம், அவருக்கு இதான் கடைசி" என்றான் பைக் சவாரி ஓட்டும் வின்.

"நீ வாயை மூடிக்கிட்டு உக்காரு."

முதல் படம் கெண்டை மீன்.

இரண்டாவதும் கெண்டை.

கியெம் கண்ணை இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

மூன்றாவதை அவள் வெகுநேரம் சுரண்டினாள். சுரண்டி முடித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மூணாவதும் கெண்டைதான்" என்றாள், சந்தையில் விலை சொல்வதுபோல.

வின் மேஜையைத் தட்டினான். பரிசு விழுந்தவன்தான் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும் என்று ஆளாளுக்கு அவளிடம் காபி சொன்னார்கள். கியெம் பெட்டியைக் காலால் முக்காலிக்கு அடியில் தள்ளினான்.

அவள் சீட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "அக்கா, பரிசைக் குடுத்துடு."

சின்னப் பரிசு என்றால் விற்கிறவளே கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு ஏஜென்சியில் வாங்கிக்கொள்ள வேண்டும். சரிதானா என்று விரித்துப் பார்த்தேன்.

கெண்டை. கெண்டை. அன்னாசிப்பழம்.

நிமிர்ந்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

அடிப்பாவி. பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஒரு மீன் வேண்டியிருக்கிறது, அதுவும் இல்லாத மீன்.

இந்தச் சீட்டுக்கு ஏஜென்சியில் சல்லிக்காசு பெயராது. மூன்று கெண்டைக்குப் பரிசு இரண்டு லட்சம் டாங், நான் ரெண்டு நாள் அலைந்தால் கிடைப்பது. வயிறு எரிந்தது. கல்யாணத்துக்குக் கவரில் வைக்கப்போகிற மொய்தானே, கொஞ்சம் முன்னாடியே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கியெமிடம் பணத்தை நீட்டினேன். விருந்தில் மீன் தலையை வேறு யாருக்கும் விடப்போவதில்லை.

வின் பெட்டியைத் தூக்கி எதிர்ச்சாரிக் கடைக்கே திரும்பக் கொண்டுபோனான். லோவான் பழக்கதோஷத்தில் செய்தித்தாளைக் கையில் எடுத்தாள். பிறகு அதை அடுப்பில் போட்டாள்.

கியெம் மெல்ல என் பக்கத்தில் வந்தான். நான் கொடுத்த பணத்தை அப்படியே என் பையில் திணித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"பணம் வேணாம்க்கா. அந்தச் சீட்டைக் குடுங்க, சட்டம் போட்டு மாட்டணும்."

"பரிசு விழுந்த சீட்டுடா. ஏஜென்சியில குடுக்கணும்" என்று சமாளித்தேன்.

"அன்னாசியை அங்க யாரு வாங்குவாங்கக்கா?" என்றான், பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாதவன்.