மறுபடி அண்ணன்

“மறுபடி அளந்துடும்மா,” என்றார் சீனியர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது பதினோராவது ‘மறுபடி’. ஆய்வகத்தில் அவருக்கு மறுபடி அண்ணன் என்று பெயர் வைத்தவளே அவள்தான்.

மூன்றே அணு தடிமனுள்ள குறைக்கடத்தித் தகடு. காந்தத்துக்குள் வைத்தால், ஒரு பக்கமாகச் சுழலும் எலக்ட்ரான்கள் சுலபமாகக் கடந்துவிடும். எதிர்ப்பக்கம் சுழல்பவை திணறும். வரைபடத்தில் இரண்டு கோடுகளாக அது தெரிந்தது. எழுதி அனுப்பினால் பட்டம் கையில். வெளிநாட்டுக் குழு ஒன்றும் இதையேதான் துரத்திக்கொண்டிருந்தது.

“காந்தத்தோட திசையை மாத்தினா ரெண்டு கோடும் இடம் மாறணும். உனக்குப் பாதிதான் மாறுது. மீதி உன் கம்பி இணைப்பு பண்ற சேட்டை,” என்றார்.

பாதி மாறினால் போதாதா? எல்லாம் வயிற்றெரிச்சல். ஏழு வருஷமாகியும் அவர் ஆய்வேடு முடிந்தபாடில்லை. இவள் முந்திக்கொள்வாளோ என்ற பயம். முணுமுணுத்தபடியே கம்பிகளைப் பிரித்துப் புதிதாக ஒட்டினாள்.

பன்னிரண்டாவது முறை காந்தம் திசை மாறியதும், இரண்டு கோடுகளும் பிசிறில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தன.

அவள் போட்ட சத்தத்தில் ஆய்வகமே ஓடி வந்தது. சீனியர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இனிமே இதை யாராலும் அசைக்க முடியாது,” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பேராசிரியை வந்து கட்டிக்கொண்டார். அப்போதும் அவளுக்கு ஆறவில்லை. அண்ணன் மட்டும் இழுத்தடிக்காமல் இருந்திருந்தால் ஆறு மாதம் முன்பே முடித்திருப்பேன் என்று பொரிந்து தள்ளினாள்.

“மாசத்துல ஒரு வாரம்தானேம்மா உனக்குக் காந்தம்? ஆறு மாசத்துல எப்படிப் பன்னிரண்டு தடவை அளந்தே?”

“மூணாவது வாரம் எப்பவும் காலியா இருந்தது மேடம். காந்த அறைப் பலகையில அப்படித்தான் எழுதியிருக்கும்.”

“அது யாரோட வாரம்னு கேட்டியா?”

அவள் காந்த அறை வாசலுக்குப் போனாள். பலகையில், மூன்றாவது வாரக் கட்டத்தில், ‘காலி’ என்ற எழுத்துக்கு அடியில் சரியாக அழியாத பெயர் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

மறுபடி அண்ணனின் பெயர்.

நாலாவது வாரம் அவளுடையது. தன் பெயரைத் துடைத்தாள், ‘காலி’ என்று எழுதினாள், கண்ணையும் துடைத்துக்கொண்டு தேநீர் மேஜைக்கு ஓடினாள்.

“அண்ணா, அடுத்த வாரம் காந்தம் காலியா இருக்கு.”