ரெண்டு, ஒண்ணு, மூணு

"இது என்ன வரி, தோங்?"

ஆள் நிர்வாகம் பார்க்கும் மெர்லிந்தா புரோகிராமை அச்சிட்ட தாளை மேஜையில் போட்ட வேகத்தில் அர்னெலின் காபி சிந்தியது.

பிலிப்பைன்ஸில் சேபு நகரத்தின் அந்த மென்பொருள் கம்பெனியில், பத்து நாளுக்கு மேல் தாமதமாக வந்தவர் யாராக இருந்தாலும் சீட்டைக் கிழிக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. பெயர்களைப் பொறுக்கும் புரோகிராம் அர்னெல் எழுதியது. கம்பெனிக்குள் துறை, துறைக்குள் குழு, குழுவுக்குள் ஆள், ஆளுக்குள் தாமதமான நாட்கள் என்று வருகைப் பதிவு பெட்டிக்குள் பெட்டியாக இருந்தது. அசலைத் தொடாமல் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து, புதுப் பட்டியல் ஒன்றை அது எடுத்துவரும்.

"எந்த வரி, ஆத்தே?" தம்பிக்குத் 'தோங்', அக்காவுக்கு 'ஆத்தே' என்பது அந்த ஊர் வழக்கு.

"நடிக்காதே. 'ரெண்டு, ஒண்ணு, மூணு' வந்தா கண்டுக்காம போன்னு எழுதியிருக்கே. நானும் ஒரு வாரம் புரோகிராம் கிளாசுக்குப் போனவதான்."

அர்னெல் முகம் வெளிறியது. "அதை மட்டும் விட்டுடுங்களேன்."

"எப்படி விடுவேன்? ரெண்டாவது துறை நீங்க. முதல் குழு உன்னோடது. மூணாவது நாற்காலியில யாரு உட்கார்ந்திருக்கா? சொல்லட்டுமா?"

அர்னெல்தான்; வாரம் இரண்டு நாள் பத்து மணிக்கு மேல் வருகிறவன். வேறு யாருக்காக எழுதியிருப்பான்?

பட்டியல் கைக்கு வந்ததும் தன் பெயரை மட்டும் நைசாக அடித்துவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தது வேறு விஷயம்.

"ஓட்டு, பார்க்கலாம்."

ஓட்டினான். ஆறு பெயர்கள் வந்தன. முதல் பெயர் அர்னெல், பதினெட்டு நாள்.

மெர்லிந்தாவுக்குக் குழம்பியது. "அப்போ அந்த ரெண்டு, ஒண்ணு, மூணு யாரு?"

"இங்க எண்ணிக்கை பூஜ்யத்துலேர்ந்து தொடங்கும், ஆத்தே."

விரல் விட்டு எண்ணினாள். பூஜ்யம், ஒன்று, இரண்டு. அப்படியானால் மூன்றாவது துறை, நிர்வாகம். அதில் இரண்டாவது குழு. நாலாவது நாற்காலி.

அவளுடைய நாற்காலி.

"டயாலிசிஸ் வார்டுல உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கட்டில் தள்ளித்தான் எங்கம்மா," என்றான் அர்னெல் மெதுவாக. "நீங்க என்னைப் பார்க்கலே. நான் பார்த்தேன்."

"அப்படின்னா உன் பேரையும் எடுத்திருக்கலாமே, தோங்."

"என் பேரை நானே எடுத்தா அது திருட்டு, ஆத்தே."